பனிக்கட்டியின் மேல் விரித்த பலகை

(தமிழ் மரபுத் திங்களையொட்டி ஸ்காபரோவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சனிக்கிழமை இரவை மனதில் கொண்டுவாருங்கள். ரொறன்ரோ யூனியன் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்கோஷியாபாங்க் அரங்கில் ஹொக்கி ஆட்டம் முடிந்து சனம் வெளியேறுகிறது. கடைசி ஆள் படியிறங்கும் முன்பே உள்ளே இன்னொரு கூட்டம் வேலையைத் தொடங்கிவிடும். களத்தைச் சுற்றியுள்ள கண்ணாடித் தடுப்புகளைக் கழற்றுவார்கள். பனித்தளத்தின் மேல் குளிர் மேலேறாத தடித்த தட்டுகளை நெருக்கமாகப் பரப்புவார்கள். அதன் மேல் மரப் பலகைகளைத் துண்டு துண்டாகப் பொருத்துவார்கள். கூடைக் கம்பங்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். சில மணி நேரத்தில் ஹொக்கிக் களம் கூடைப்பந்துக் களமாகிவிடும். மறுநாள் அங்கே ஓடியாடுகிறவர்களின் காலடியில் பனிக்கட்டி அப்படியே கிடக்கும். அதை யாரும் உருக்குவதில்லை.

இன்று நான் பேச வந்தது இந்தப் பலகையைப் பற்றித்தான். ஹொக்கியை உயிராக நினைக்கும் கனடிய நகரங்களில் தொழில்முறைக் கூடைப்பந்து எப்படி ஆட்களைச் சேர்த்துக்கொண்டது? ஹொக்கி ரசிகரின் மனத்தை மாற்றியதால் என்று பலர் நினைக்கிறார்கள். நான் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் இருந்து பார்த்ததில், நடந்தது அதுவல்ல. பனிக்களத்தில் கால் வைக்க வழியில்லாத வீடுகள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருந்தன. கூடைப்பந்து அந்த வீடுகளுக்குள் போனது. எங்கள் வீடும் அவற்றில் ஒன்று.

ஊரிலிருந்து பார்க்க வந்திருக்கும் உறவினர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஹொக்கி என்றால் புல்வெளியில் ஆடுவது அல்ல. பனிக்கட்டியில், காலில் கத்தி பூட்டிய சப்பாத்துடன் வழுக்கி ஓடி ஆடுவது. 1931ஆம் ஆண்டு மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கு திறந்த காலத்திலிருந்து ரொறன்ரோ அணியின் ஆட்டங்கள் வானொலியில் ஒலிபரப்பாகின. 1952இல் தொலைக்காட்சிக்கு வந்தன. சனிக்கிழமை இரவு என்றால் ஹொக்கி என்பது இந்த நாட்டில் மூன்று தலைமுறைக்கு ஊறிப்போன பழக்கம். ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணி கடைசியாக ஹொக்கி வாகைக்கான ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது 1967இல். அதன் பிறகு ஒரு தடவைகூட வெல்லவில்லை. ஆனாலும் இருக்கைகள் காலியாகவில்லை. தகப்பன் பெயரில் இருந்த பருவச் சீட்டு மகனுக்குப் போகிறது, மகனிடமிருந்து பேரனுக்குப் போகிறது. நான் இதை மதிக்கிறேன். தோற்றாலும் விட்டுப்போகாத அன்பு சாதாரணமானது அல்ல. கோயில் திருவிழாவில் உபயம் பரம்பரையாக வருவது போன்றது அது.

ஆனால் உபயகாரர் குடும்பத்தில் பிறக்காதவனுக்கு அங்கே என்ன இடம்?

நான் 1988இல் பதினான்கு வயதில் இங்கு வந்தேன். ஸ்காபரோவில் மாமாவின் வீட்டு பேஸ்மென்றில் ஏழு பேர் இருந்தோம். முதல் குளிர்காலத்தில் பாடசாலைப் பெடியங்கள் எல்லோரும் ஹொக்கி பற்றியே கதைத்தார்கள். எனக்கும் ஆசை வந்தது. அப்பா என்னை ஒரு பனியரங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். சப்பாத்து, தலைக்கவசம், கால் கவசம், கையுறை, மட்டை, பதிவுக் கட்டணம், பனி நேரத்துக்கான பங்கு என்று அந்த மேசையில் இருந்தவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பயிற்சி விடிய ஆறு மணிக்கு. கார் வேண்டும். அப்பா அப்போது தொழிற்சாலையில் இரவு வேலை செய்தார்; வீடு வந்து சேரவே ஏழு மணி ஆகும். அவர் கடதாசியை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கடதாசியை அவர் நெடுநாள் வைத்திருந்தார் என்று பிறகு அம்மா சொன்னா.

அடுத்த கிழமை பாடசாலை உள்ளரங்கில் ஒரு பந்து உருண்டு வந்தது. அதை எடுத்தபோது என் கைக்கு அது தெரிந்த பந்தாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் சீமெந்துத் தளத்தில், துருப்பிடித்த வளையத்துக்குள் போட்டுப் பழகிய பந்து. அங்கே நின்ற ஜமேக்காப் பெடியனுக்கும் பிலிப்பைன்ஸ் பெடியனுக்கும் அந்தப் பந்து அதே மாதிரித் தெரிந்திருந்தது. எங்களுக்குள் பொதுவாக வேறு எந்த மொழியும் இருக்கவில்லை.

இந்த ஆட்டம் எப்படி யாழ்ப்பாணத்துக்கும் கிங்ஸ்டனுக்கும் மணிலாவுக்கும் போனது என்பதில் ஒரு கனடியர் இருக்கிறார். ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1861இல் ஒன்ராறியோ மாகாணத்தின் அல்மொன்ற் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், வைஎம்சிஏ பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, குளிர்காலத்தில் உள்ளே அடைபட்டுக் குழப்படி செய்த மாணவர்களுக்காக ஓர் ஆட்டத்தை யோசித்தார். பீச் பழக் கூடைகள் இரண்டை மாடித் தடுப்பில் ஆணியடித்தார். பதின்மூன்று விதிகளை எழுதினார். கூடைக்கு அடி இருந்தது. பந்து விழுந்தால் ஏறித்தான் எடுக்க வேண்டும். அந்தக் கூடை எப்போதோ போய்விட்டது, வளையமும் வலையும்தான் மிச்சம். ஆனால் ‘கூடைப்பந்து’ என்று சொல்லும்போது நாங்கள் இன்னும் அந்தப் பழக்கூடையைத்தான் சொல்கிறோம். வைஎம்சிஏ போன இடமெல்லாம் ஆட்டமும் போனது. சென்னையில் 1920இல் ஹரி க்ரோ பக் தொடங்கிய வைஎம்சிஏ உடற்கல்விக் கல்லூரி அந்த வழியில் வந்ததுதான்.

எட்மன்ரன் நகரத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஹொக்கி நகரம் என்று உலகம் அறிந்த அதே எட்மன்ரனில், 1915 முதல் 1940 வரை, பேர்சி பேஜ் என்ற ஆசிரியர் பயிற்றுவித்த ‘எட்மன்ரன் கிராட்ஸ்’ என்ற பெண்கள் அணி ஆடியது. ஆடிய ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் தோற்றவை இருபது அளவில்தான். ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தே அவர்களை வியந்து பாராட்டியிருக்கிறார். ஆகவே ‘கனடாவுக்குக் கூடைப்பந்து அந்நியம்’ என்று யாராவது சொன்னால், அந்தப் பெண்களின் பெயரைச் சொல்லுங்கள்.

அந்நியமாக இருந்தது தொழில்முறைக் கூடைப்பந்தைக் காசு கொடுத்துப் பார்ப்பது. அதன் தொடக்க முயற்சிகளில் ஒன்று இங்கேதான் நடந்தது. 1946இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய ஹொக்கி அரங்குகளை வைத்திருந்தவர்கள் சேர்ந்து ஒரு கூடைப்பந்து லீக்கைத் தொடங்கினார்கள். ஹொக்கி இல்லாத இரவுகளில் அரங்கு சும்மா கிடக்கிறதே என்பது அவர்களுக்குப் பெரிய காரணம். அந்த லீக்தான் பின்னாளில் என்பிஏ ஆனது. அதன் முதல் ஆட்டம் 1946 நவம்பர் 1ஆம் திகதி, மேப்பிள் லீஃப் கார்டன்ஸில், ரொறன்ரோ ஹஸ்கீஸ் அணிக்கும் நியூயோர்க் நிக்ஸ் அணிக்கும் இடையில் நடந்தது. நியூயோர்க் 68–66 என்று வென்றது. ஏழாயிரம் பேர் அளவில் வந்தார்கள். ஹஸ்கீஸ் அணியில் ஆறடி எட்டங்குல உயரமான ஜோர்ஜ் நொஸ்ட்ராண்ட் இருந்தார். அவரைவிட உயரமானவர்களுக்கு இலவச அனுமதி என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள்.

அந்த விளம்பரத்தை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். புதினம் பார்க்க வா என்ற அழைப்பு அது. புதினம் பார்க்க வந்தவர் ஒருநாள் வருவார். ஹஸ்கீஸ் ஒரே ஒரு பருவத்துடன் மூடப்பட்டது. சும்மா கிடக்கும் இரவை நிரப்ப வந்த ஆட்டம், யாருடைய இரவாகவும் ஆகவில்லை. 1970களில் பஃபலோ பிரேவ்ஸ் அணி எல்லை தாண்டி வந்து அதே அரங்கில் சில ஆட்டங்கள் ஆடிவிட்டுப் போனது. அதுவும் வேர் பிடிக்கவில்லை.

பிறகு ஐம்பது வருடங்கள் சும்மா போனதாகக் கணக்கெழுதுவது தவறு. அந்த ஐம்பது வருடத்தில் ஊர் மாறியது. கரீபியன் தீவுகளிலிருந்து வந்தார்கள், பிலிப்பைன்ஸிலிருந்து வந்தார்கள், சோமாலியாவிலிருந்து வந்தார்கள், 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து நாங்கள் வந்தோம். தொடர்மாடிகளுக்குக் கீழே, பாடசாலை முற்றங்களில், சனசமூக நிலையங்களில் வளையங்கள் தொங்கின. இன்று ரொறன்ரோ நகரில் ஏறத்தாழ பாதிப் பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். 1993இல் என்பிஏ மறுபடி ரொறன்ரோவுக்கு ஓர் அணியைக் கொடுத்தபோது, ரசிகர்கள் ஏற்கெனவே இங்கே இருந்தார்கள். அவர்களுக்கென்று ஓர் அணி இல்லை என்பதுதான் குறை.

1995இல் இரண்டு அணிகள் ஒரே நேரத்தில் தொடங்கின: ரொறன்ரோ ராப்ரர்ஸ், வன்கூவர் கிரிஸ்லீஸ். ஊதா நிறச் சட்டையில் பந்து தட்டும் டைனோசர் படத்துடன் ராப்ரர்ஸ் வந்தபோது பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பிள்ளைகள் அந்தச் சட்டையைக் கேட்டு அழுதார்கள். அழுத பிள்ளைகளுக்காக வடிவமைத்த சட்டை அது என்று நான் நினைக்கிறேன். அரங்கு தயாராகாததால் பேஸ்போல் ஆடும் ஸ்கைடோமில் ஆடினார்கள். அந்த அகன்ற இடத்தில் மேலே, மிக மேலே, மலிவான இருக்கைகள் இருந்தன. நானும் நண்பர்களும் அங்கே இருந்துதான் பார்த்தோம். ஆட்டக்காரர்கள் எறும்பு அளவில் தெரிவார்கள். 1996 மார்ச் 24ஆம் திகதி, அந்தப் பருவத்தில் 72 ஆட்டங்களில் வென்று பத்தில் மட்டும் தோற்ற மைக்கேல் ஜோர்டனின் சிக்காகோ புல்ஸ் அணியை, 36,000க்கும் அதிகமான சனத்துக்கு முன்னால் ராப்ரர்ஸ் 109–108 என்று தோற்கடித்தது. மொத்தம் 21 ஆட்டங்களில் மட்டுமே வென்ற அணி அது. அன்றிரவு வீதியில் எங்களோடு கைகோத்து ஆடியவர்கள் யார் எவர் என்று எங்களுக்குத் தெரியாது.

இந்த முதல் நாட்களைப் பற்றிப் பேசும்போது நவ் பாட்டியாவைச் சொல்லாமல் விட முடியாது. டெல்லியிலிருந்து வந்த சீக்கியர். மிசிசாகாவில் கார் விற்பவர். 1995 முதல் ஊரில் நடந்த ஆட்டங்களைத் தவறவிடாமல் பார்த்தவர் என்று பெயர் பெற்றவர். அவர் தான் மட்டும் போய்ப் பார்த்ததோடு நிற்கவில்லை. நூற்றுக்கணக்கில் இருக்கைகளை வாங்கி, வசதியில்லாத பிள்ளைகளையும் பல இனப் பிள்ளைகளையும் அரங்குக்குக் கூட்டிச் சென்றார். தலைப்பாகை கட்டிய ஒருவர் ரொறன்ரோ அரங்கின் முன்வரிசையில் துள்ளிக் குதிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்த எத்தனை பிள்ளைகள், அந்த இடம் தங்களுக்கும் உரியது என்று நினைத்திருப்பார்கள்! எந்த விளம்பர நிறுவனமும் செய்ய முடியாத வேலையை அவர் செய்தார்.

இனி வன்கூவர். இதைச் சற்று நின்று பேச வேண்டும். ஏனென்றால் ‘ஹொக்கி ஊரில் கூடைப்பந்து எடுபடாது’ என்பதற்கு எல்லோரும் காட்டும் சாட்சி வன்கூவர்.

சாட்சியைக் கொஞ்சம் விசாரிப்போம். கிரிஸ்லீஸ் அணி முதல் இரண்டு ஆட்டங்களை வென்றது. அடுத்த பத்தொன்பது ஆட்டங்களில் வரிசையாகத் தோற்றது. அதே பருவத்தின் பிற்பகுதியில் இருபத்து மூன்று ஆட்டங்களில் வரிசையாகத் தோற்றது. புதிய அணிகள் இரண்டுக்கும் தொடக்க ஆண்டுகளில் புதுமுகத் தெரிவில் முதலிடம் கிடையாது என்று லீக் விதி வைத்திருந்தது; பலவீனமான அணி பலம் பெறும் வழியே அந்த முதலிடம்தான். ஆறு பருவங்களில் கிரிஸ்லீஸ் வென்றது 101, தோற்றது 359. 1999இல் இரண்டாவது ஆளாகத் தெரிவான ஸ்டீவ் பிரான்சிஸ் வன்கூவருக்கு வரவே மாட்டேன் என்று சொல்லி, வேறு அணிக்கு மாற்றப்பட்டார். சம்பளம் அமெரிக்க டொலரில் கொடுக்க வேண்டும். ரிக்கெற் காசு கனடிய டொலரில் வரும். அந்த ஆண்டுகளில் கனடிய டொலர் அறுபது சதத்துச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. அணி கைமாறியது, மறுபடி கைமாறியது. 2001இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகருக்குப் பெயர்ந்து போனது.

இத்தனைக்கும் முதல் காலத்தில் சனம் வந்தது. தோல்வியையும் பொறுத்துக்கொண்டு வந்தது. நான் ஹொக்கி ரசிகரை இதில் குற்றவாளியாக நிறுத்த மாட்டேன். பக்கத்துத் தீவில் விக்ரோறியா நகரில் வளர்ந்த ஸ்டீவ் நாஷ் 2005இலும் 2006இலும் என்பிஏயின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார். அதாவது அந்த மண்ணில் ஆட்டம் இருந்தது. அந்த ஊர்ப் பிள்ளை அதன் உச்சிக்குப் போகும்போது, அவன் வந்து ஆடுவதைப் பார்க்க அங்கே என்பிஏ அணி இல்லை. வன்கூவரில் இன்றைக்கு நாற்பது வயதான ஒருவரிடம் கிரிஸ்லீஸ் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பச்சை நீலச் சட்டையை இன்னும் அலுமாரியில் வைத்திருப்பதாகச் சொல்வார். ஆட்டத்தின் மேல் அன்பு குறைந்ததால் அணி போகவில்லை. அணி போனதால் ஒரு தலைமுறையின் அன்பு போக இடமில்லாமல் நின்றது.

ரொறன்ரோவுக்கும் அதே விதி, அதே டொலர். தப்பியதற்கு இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, 1998இல் மேப்பிள் லீஃப்ஸ் உரிமையாளர்களே ராப்ரர்ஸை வாங்கினார்கள். 1999 பெப்ரவரியில் இரண்டு அணிக்கும் ஒரே அரங்கு திறந்தது. ஹொக்கியின் காசும் அனுபவமும் கூடைப்பந்தைத் தாங்கின. நான் தொடக்கத்தில் சொன்ன பலகையும் பனியும் அன்றிலிருந்து ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன.

மற்றக் காரணம் ராப்ரர்ஸ் ஆட்டக்காரர் வின்ஸ் காட்டர்.

2000 பெப்ரவரியில் ஓக்லண்டில் நடந்த டங்க் போட்டி. சுழன்று எழுந்து வளையத்துக்குள் பந்தை அடித்தார். இன்னொரு தடவை முழங்கை வரை கையை வளையத்துக்குள் விட்டுத் தொங்கினார். எங்கள் தொடர்மாடியில் ஒரே வீட்டில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு முன் இருந்தார்கள். போட்டி முடிந்ததும் அந்தப் பெப்ரவரிக் குளிரில் கீழே இறங்கி, பனியைச் சவளால் வழித்துத் தள்ளிவிட்டு வளையத்தின் கீழ் குதித்தார்கள். அப்படி ஒரு காட்சி அந்த மாதம் இந்தப் பெருநகரின் எத்தனை முற்றங்களில் நடந்திருக்கும்! பிராம்ப்ரனில் வளர்ந்த டிரிஸ்டன் தொம்சன், வோன் நகரில் வளர்ந்த அன்ட்ரூ விக்கின்ஸ், கிச்சினரின் ஜமால் மரே, ஹமில்ரனின் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் எல்லோரும் ராப்ரர்ஸ் இருந்த ஊரில், ராப்ரர்ஸ் இருந்த மாகாணத்தில் வளர்ந்த பிள்ளைகள். ஷே 2025இல் ஓக்லஹோமா அணிக்கு வாகையும் பெற்றுத் தந்து, லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார். 2023 உலகக் கிண்ணத்தில் கனடா அமெரிக்காவை 127–118 என்று வென்று வெண்கலம் எடுத்தது. ஒரு தொழில்முறை அணி ஊரில் இருப்பதன் பலனைக் கணக்குப் பார்க்கும்போது, வாசலில் விற்ற ரிக்கெற்றோடு இதையும் சேர்த்து எண்ண வேண்டும். பதினைந்து இருபது வருடம் கழித்து வரும் விளைச்சல் இது.

காட்டர் 2004 டிசம்பரில் போய்விட்டார். போன விதம் கசப்பானது. பல வருடம் அவர் பந்தைத் தொட்டாலே அரங்கு முழுக்க ஊளையிட்டது, நானும் ஊளையிட்டிருக்கிறேன். 2014 நவம்பரில் அவர் மெம்பிஸ் கிரிஸ்லீஸ் சட்டையில் இங்கு ஆட வந்தபோது பழைய காட்சிகளைத் திரையில் போட்டார்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் கண்ணைத் துடைத்தார். வன்கூவர் இழந்த அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ரொறன்ரோவில் அவர் நின்ற அந்தக் கணம், எனக்குக் கனடாக் கூடைப்பந்தின் முழுச் சரித்திரமுமாகத் தெரிந்தது. 2024 நவம்பரில் அவருடைய 15ஆம் இலக்கத்தை அரங்கின் கூரையில் ஏற்றினார்கள்.

அதே 2014இல்தான் ‘நாங்கள் வடக்கு’ என்ற பொருள்படும் ராப்ரர்ஸின் விளம்பர முழக்கம் வந்தது. அதுவரை ராப்ரர்ஸ் அமெரிக்க லீக்கில் ஒரு மூலையில் இருந்த அணி. குளிர், தூரம், எல்லைச் சோதனை என்று ஆட்டக்காரர்கள் வர யோசிக்கும் இடம். அந்த விளம்பரம் குளிரையும் தூரத்தையும் மறைக்கவில்லை. எங்கள் தொடர்மாடிகளையும் முற்றங்களையும் காட்டி, இதுதான் நாங்கள் என்று சொன்னது. வடக்கு என்ற சொல் ஒரு யாழ்ப்பாணத்தானின் காதில் எப்படி விழும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரிக்கெற் இல்லாதவர்களுக்கு அரங்கின் வெளியே பெரிய திரை வைத்தார்கள். மழையிலும் குளிரிலும் ஆயிரக்கணக்கில் நின்று பார்த்தார்கள்.

2019ஐப் பற்றி நான் நீட்டப் போவதில்லை, நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள். மே 12ஆம் திகதி ராப்ரர்ஸ் ஆட்டக்காரர் கவாய் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு தடவை துள்ளி விழுந்தது. ஜூன் 13ஆம் திகதி ராப்ரர்ஸ் என்பிஏ வாகை சூடியது. ஹலிபக்ஸிலிருந்து வன்கூவர் வரை வீதிகளில் திரை கட்டிப் பார்த்தார்கள். ஹொக்கி ஊர்கள் எல்லாம் பார்த்தன. யாரும் தங்கள் ஹொக்கிச் சட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு வரவில்லை. மேப்பிள் லீஃப்ஸ் சட்டையோடு வந்து ராப்ரர்ஸுக்குக் கத்தியவர்களை நானே பார்த்தேன்.

இப்போது எனக்குக் கவலை தரும் பகுதிக்கு வருகிறேன்.

அந்த வெற்றிக்குப் பிறகு ஒரு குடும்பம் நான்கு பேராக ஸ்கோஷியாபாங்க் அரங்குக்குப் போவது எளிதல்ல. ஸ்கைடோமின் மேல்வரிசையில் நாங்கள் இருந்த விலைக்கு இன்று ஓர் இருக்கை கிடைக்காது. எந்தப் பிள்ளைகளின் முற்றத்திலிருந்து இந்த அன்பு எழுந்ததோ, அந்தப் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். என் அப்பா மடித்துப் பையில் வைத்த கடதாசி மறுபடி இன்னொரு தகப்பனின் பைக்குள் போகிறது. இந்த முறை அது கூடைப்பந்துக் கடதாசி. ஹொக்கி செய்த பிழையைக் கூடைப்பந்து செய்தால், இன்னும் முப்பது வருடத்தில் இன்னொரு ஆட்டம் வந்து அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்.

ஆகவே ரசிகர் வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டால் நான் பெரிய அரங்கைப் பார்ப்பதில்லை. 2019இல் ஆறு அணிகளுடன் தொடங்கிய கனடிய எலீட் கூடைப்பந்து லீக்கைப் பார்க்கிறேன். அதைத் தொடங்கியவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: மே முதல் ஆகஸ்ட் வரை ஆடுவது என்று முடிவெடுத்தார்கள். பனி இல்லாத மாதங்கள். வினிபெக்கிலும் கல்கரியிலும் எட்மன்ரனிலும் ஹொக்கி ரசிகருக்கு மாலையில் வேறு சோலி இல்லாத காலம். எந்த அணியிலும் கனடிய ஆட்டக்காரர்களே அதிகம் இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் வைத்த விதி. 2023இல் வினிபெக்கில் சீ பேர்ஸ் என்ற புது அணி, ஜெட்ஸ் ஹொக்கி அணி ஆடும் அதே அரங்கில் இறங்கி, லீக்கின் பார்வையாளர் எண்ணிக்கைப் பதிவுகளை முறியடித்தது. வினிபெக்கைவிடக் குளிரான ஹொக்கி ஊர் உங்களுக்குத் தெரியுமா?

அவர்களின் இன்னொரு விதியும் எனக்குப் பிடிக்கும். நான்காம் பகுதியின் கடைசி நான்கு நிமிடத்தில் ஆட்டம் முதல் தடவை நிற்கும்போது கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். முன்னணியில் உள்ள அணியின் புள்ளியோடு ஒன்பதைக் கூட்டி ஓர் இலக்கு வைப்பார்கள். எந்த அணி முதலில் அதைத் தொடுகிறதோ அது வென்றது. அதனால் ஒவ்வோர் ஆட்டமும் புள்ளி ஒன்று விழுந்துதான் முடியும். மேலதிக நேரத்தில் ஒரே ஒரு கோலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்து பழகிய ஹொக்கி ரசிகருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பதற்றம் அது. ஊரின் பழக்கத்தை அறிந்து வந்து சேரும் ஆட்டத்துக்கு ஊர் இடம் கொடுக்கும்.

எங்கள் ஸ்காபரோவுக்கும் 2022இல் ஷூட்டிங் ஸ்ரார்ஸ் என்ற அணி வந்தது. அடுத்த ஆண்டே வாகை சூடியது. நாங்கள் நீந்தப் போகும், பிள்ளைகளை வகுப்புக்குக் கூட்டிப் போகும் அந்தப் பான் ஆம் நிலையத்தில்தான் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர் வெளியே வந்து பிள்ளைகளோடு நின்று படம் எடுப்பார். பெயரைக் கேட்பார். கேட்ட பெயரைத் திருப்பிச் சரியாகச் சொல்லப் பார்ப்பார். ஸ்காபரோ என்ற பெயரை நெஞ்சில் எழுதிய சட்டை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது, இந்தப் பெயரைச் செய்தியில் துப்பாக்கிச் சூட்டோடு மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு என்னவென்று எனக்குத் தெரியும்.

பெண்களையும் சொல்ல வேண்டும். 2023 மே மாதம் ரொறன்ரோவில் நடந்த ஒரு பெண்கள் என்பிஏ நட்புமுறை ஆட்டத்துக்கு அரங்கு முழுவதும் விற்றுத் தீர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 2026 பருவத்துக்கென ரொறன்ரோவுக்கு ஒரு பெண்கள் அணி அறிவிக்கப்பட்டது. ரெம்போ என்று பெயர். எட்மன்ரன் கிராட்ஸ் கலைந்து எண்பது வருடத்துக்கு மேலாகிறது. நான் சனிக்கிழமை காலைகளில் ஒரு பாடசாலை உள்ளரங்கில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறேன். இருபத்தாறு பேரில் பதினாறு பேர் பெண் பிள்ளைகள். ஐந்து வருடத்துக்கு முன்பு மூன்று பேர். அவர்களில் ஒருத்தியின் அம்மம்மா ஒவ்வொரு கிழமையும் கம்பளிச் சால்வையோடு வந்து, கடைசி வாங்கில் இருந்து பார்ப்பா. விதி ஒன்றும் தெரியாது. பேத்தி பந்தைப் பறித்தால் மட்டும் கைதட்டுவா. போன மாதம் என்னிடம் வந்து, “தம்பி, இதைப் பெரிய ஆக்கள் விளையாடுறதை எங்கை பாக்கலாம்?” என்று கேட்டா.

அவ கேட்டதற்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். மே மாதம் ஷூட்டிங் ஸ்ரார்ஸ் இந்த ஊரில் ஆடும் முதல் ஆட்டத்துக்கு எங்கள் பிள்ளைகள் எல்லோரையும், ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டிலிருந்து ஒரு பெரியவரையும் கூட்டிப் போகப் போகிறோம். ஐம்பத்திரண்டு இருக்கை. முப்பத்தொரு இருக்கைக்குக் காசு சேர்ந்துவிட்டது. மிச்சம் இருபத்தொன்று. வான் ஓட்டக்கூடிய நாலு பேரும் தேவை. மண்டபத்தின் பின்பக்கத்தில், தேத்தண்ணி வைத்திருக்கும் மேசையில் ஒரு நீலக் கொப்பி இருக்கிறது. பேனையும் வைத்திருக்கிறேன். அம்மம்மாவின் பெயர் முதல் வரியில் இருக்கிறது. அதற்குக் கீழே எழுதுங்கள்.